சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. கும்பகோணத்தில் எல்லோரும் நலம். சின்னவனுக்குச் சளி விட்டுவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார். சந்தோஷம்.

போன வாரம் நீ போனில் சொன்னதில் ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. தூக்கம் இல்லை, இடுப்பு வலி, சாப்பாடு இறங்கவில்லை என்றெல்லாம் சொன்னாய். நைட் டூட்டி பார்க்கிற பெண்கள் எல்லோரும் சொல்வதுதான். கவலைப்பட்டேன், பயப்படவில்லை. அப்புறம் சொன்னாயே, "ஏழாம் பெட் அம்மா விடியக்காலையில இறந்துட்டாங்க அத்தை. அவங்க பொண்ணு என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சு. எனக்கு ஒண்ணுமே தோணல. அடுத்த அட்மிஷனுக்கு பெட் ரெடி பண்ணணுமேன்னுதான் நெனச்சேன். நான் கல்லாயிட்டேனா அத்தை?" என்று. எனக்குப் பகீரென்றது அங்கேதான். அப்போது இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லி வைத்தேன். அது போதாது. வார்டிலேயே தலை நரைத்தவள் நான். எனக்குத் தெரிந்ததை உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதப்போகிறேன்?

நீ கல்லாகவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன்னுடைய நோய்ப் பட்டியலைப் புதுப்பித்தபோது, உனக்கு வந்திருக்கிற மாதிரியான நிலையை பர்ன் அவுட் என்ற பெயரில் மூன்று அடையாளங்களோடு விளக்கியது. ஒன்று, தெம்பெல்லாம் வற்றிப்போன களைப்பு. இரண்டு, செய்கிற வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, அதன்மேல் ஒரு கசப்பு வருவது. மூன்று, என்ன செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது. இதை வியாதி என்று அவர்கள் சொல்லவில்லை. வேலை செய்யும் இடத்து நெருக்கடியை நாள்பட சரிசெய்யாமல் விட்டதால் வரும் நிலை என்றார்கள். ஏழாம் பெட் அம்மாவிடம் உனக்கு வந்தது அந்த இரண்டாவது. இனிமேலும் வலி தாங்க முடியாது என்று உன் மனம் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள். பர்ன் அவுட்டைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச கிளினிக் ஒன்றில், பகலெல்லாம் தன் சொந்த வேலையைப் பார்த்துவிட்டு ராத்திரியில் போய்த் தொண்டு செய்தவர். அவரோடு இருந்த தொண்டர்கள் நாளடைவில் சிடுசிடுப்பும் சலிப்புமாக மாறுவதைப் பார்த்தார். அவருக்கும் அதே கதி வந்தது. 1974-ல் எழுதியபோது அவர் அழுத்திச் சொன்னது, மனசு வைத்து வேலை செய்கிறவர்களுக்குத்தான் இது வருகிறது என்பதை. ஏனோதானோ என்று டூட்டி பார்ப்பவளுக்கு எரிந்து போக என்ன இருக்கிறது? "நான் இன்னும் கொஞ்சம் தெம்பா இருந்திருந்தா" என்று நீ உன்னையே குறை சொல்லிக்கொள்வதை முதலில் நிறுத்து.

மனசுக்குப் போகும் முன் உடம்பைப் பார்ப்போம். ஹீமோகுளோபினும் தைராய்டும் எடுத்துப் பார்த்துவிடு. பிரசவத்துக்கு அப்புறம் நீ எடுத்ததே இல்லை என்று எனக்குத் தெரியும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, மறதி இதெல்லாம் ரத்தம் குறைந்தாலும் வரும், தைராய்டு குறைந்தாலும் வரும். இரும்புச்சத்து மாத்திரையில் சரியாகிற ஒன்றை வாழ்க்கைப் பிரச்சினை என்று நினைத்து மருகிக்கொண்டிருக்காதே. நாளெல்லாம் ஊராருக்கு ரத்தம் எடுக்கிறாய், ஒரு நாள் உன் கையையும் நீட்டு.

அடுத்தது தூக்கம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப்போகிறேன். நைட் டூட்டி அன்று நீ காலை 6 மணிக்கே சின்னவனோடு எழுந்துவிடுகிறாய். சமைத்து, அவனை ஸ்கூல் வேனில் ஏற்றி, துணி துவைத்து, மதியம் கண் அசரலாம் என்று நினைக்கும்போது அவன் வந்துவிடுகிறான். சாயந்திரம் 7 மணிக்கு டூட்டி. இரவு 11 மணிக்கு நீ கண்விழித்து 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் இதை அளந்தே பார்த்தார்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண், கவனம் எல்லாம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது ஏறியவரின் அளவுக்குத் தடுமாறுகின்றன. 24 மணி நேரம் என்றால் அது ஏறக்குறைய 100 மில்லிகிராம். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பே 30 தான். காலை ஏழரைக்கு நீ டூட்டி முடித்து அவிநாசி ரோட்டில் ஸ்கூட்டியை எடுக்கும்போது எந்த நிலையில் எடுக்கிறாய் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அதனால் நைட் டூட்டி முடிந்த காலையில் ஸ்கூட்டி வேண்டாம். பஸ்ஸில் வா, இல்லாவிட்டால் கூட வேலை பார்க்கிற பெண்களோடு சேர்ந்து ஆட்டோ பேசிக்கொள். இதில் மிச்சம் பிடிக்கிற காசு நமக்கு வேண்டாம். முதல் நைட்டுக்குப் போகிற அன்று மதியம் இரண்டு மணி நேரமாவது படு. விடியற்காலை 3 மணிக்கு மேல் டீ குடிக்காதே. அது காலைத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். இடைவேளையில் இருபது நிமிஷம் கண்ணை மூட விடுவார்கள் என்றால் வெட்கப்படாமல் மூடு. வீட்டுக்கு வந்ததும் ஏதாவது லேசாகச் சாப்பிட்டுவிட்டு ஜன்னலுக்குக் கெட்டித் திரை போட்டுப் படு. போன் ஹாலில் இருக்கட்டும். உன் மாமியாரிடம் உட்கார்ந்து சொல்லிவிடு: "அத்தை, நைட் முடிஞ்சு வர்ற அன்னிக்கு காலைல ஒம்பதுல இருந்து ரெண்டு வரைக்கும் எனக்கு ராத்திரி." கேஸ்காரர் வந்தாலும் சரி, பக்கத்து வீட்டம்மா பத்திரிகை வைக்க வந்தாலும் சரி, அந்த ஐந்து மணி நேரத்தில் உன்னை யாரும் எழுப்பக் கூடாது. அவர் நல்ல மாதிரி, நீ சொல்லவில்லை என்றால்தான் அவருக்குத் தெரியாது.

இதெல்லாம் செய்தும் உன் களைப்பில் பாதி அப்படியே இருக்கும். ஏனென்றால் அந்தப் பாதி தூக்கத்தால் வந்ததில்லை. நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

வார்டில் டூட்டி எப்படி முடிகிறது என்று நினைத்துப் பார். அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் வருகிறாள். பெட் பெட்டாக அவளோடு நடக்கிறாய். இந்த பேஷண்டுக்கு நார்அட்ரினலின் இத்தனை எம்.எல். ஓடுது, யூரின் மூணு மணி நேரமா குறைவு, ஏபிஜி 8 மணிக்கு அனுப்பணும், இவருக்கு முதுகுல சிவப்பு தட்டியிருக்கு, திருப்பிப் போடுறதைத் தள்ளிப்போடாதே, அந்த அட்டெண்டருக்கு விவரம் இன்னும் சொல்லல. எல்லாம் சொல்லி முடித்ததும் நார்கோடிக் அலமாரியைத் திறக்கிறீர்கள். மார்ஃபின் ஆம்ப்யூல் எத்தனை இருக்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து எண்ணுகிறீர்கள். ரெஜிஸ்டரில் நீ கையெழுத்துப் போடுகிறாய், அவள் கையெழுத்துப் போடுகிறாள். சாவி உன் கையிலிருந்து அவள் கைக்குப் போகிறது. அந்த நொடியிலிருந்து அந்த வார்டு அவளுடையது. நீ வாசலில் நின்று, "எட்டாம் பெட்டுக்கு ஆன்டிபயாடிக் போட்டியா?" என்று எட்டிப் பார்ப்பதில்லை. அவளும் உனக்குப் போன் போட்டு, "இப்ப என்ன பண்ணட்டும்?" என்று கேட்பதில்லை.

வீட்டில் உன்னிடமிருந்து அந்தச் சாவியை யாருமே வாங்கவில்லை, பாப்பா.

மாப்பிள்ளையைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. பம்ப் கம்பெனியில் அவரும் நின்றுகொண்டேதான் வேலை பார்க்கிறார். "என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சிடறேன்" என்கிறார், சொன்னால் செய்தும் விடுகிறார். எங்கள் காலத்து ஆண்கள் அந்த அளவுக்குக்கூட வந்ததில்லை. ஆனால் சொல்கிற வேலை உன்னுடையதாகவே இருக்கிறதே? சனிக்கிழமை ஸ்கூலுக்குக் கலர் டிரஸ் என்பது உனக்குத்தான் ஞாபகம் இருக்க வேண்டும். பால் கார்டு தீர்ந்தது, மாமியாருக்கு முட்டி வலி மாத்திரை நாலுதான் மிச்சம், கரண்ட் பில் கடைசித் தேதி, தடுப்பூசி, தண்ணீர் கேன், சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து மொய், எல்லாம் உன் தலையில். ஐசியூவில் ஒரு கண் மானிட்டரில் இருக்க, உன் மூளையின் ஒரு மூலையில் அரிசி தீர்ந்துபோன கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிஷமும் ஆண்கள் 88 நிமிஷமும் அதற்குச் செலவிடுவதாக வந்தது. கையால் செய்கிற வேலைக்கே இவ்வளவு வித்தியாசம். கைக்கு வரும் முன்பு தலைக்குள் நடக்கிற வேலையும் ஒன்று உண்டு. ஆலிசன் டாமிங்கர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் தம்பதிகளிடம் விரிவாகப் பேசி, 2019-ல் அதை நாலாகப் பிரித்துக் காட்டினார். வரப்போவதை முன்கூட்டியே உணர்வது, வழி தேடுவது, முடிவெடுப்பது, சரியாக நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும்போது கணவனும் மனைவியும் சேர்ந்துகொள்கிறார்கள். முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் மனைவியின் தலையிலேயே நின்றுவிடுகின்றன. படித்தபோது நம் வீடுகளைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. உன்னைத் தின்றுகொண்டிருப்பது அந்த முதலாவதும் கடைசியும்தான்.

அதனால் மாப்பிள்ளையிடம் உதவி கேட்பதை நிறுத்து. பொறுப்பை முழுசாக ஒப்படை. சின்னவனின் ஸ்கூலை எடுத்துக்கொள். டைரி பார்ப்பது, ஃபீஸ், யூனிஃபார்ம் அயர்ன், வேன்காரர், ஸ்நாக்ஸ் டப்பா, பேரண்ட்ஸ் மீட்டிங், வாட்ஸ்அப் குரூப் உட்பட எல்லாமே அவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேருக்கும் தூக்கம் இருக்கிற நேரமாகப் பார்த்து, வார்டில் நடப்பது போலவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல். அவர் எழுதிக்கொள்ளட்டும். ஸ்கூல் குரூப்பிலிருந்து நீ வெளியே வந்துவிடு, அதுதான் சாவி.

அதற்குப் பிறகு வருவதுதான் உனக்குக் கஷ்டம். ஞாபகப்படுத்தக் கூடாது. "நாளைக்கு கலர் டிரஸ், தெரியும்ல?" என்று வாய் வரை வரும், முழுங்கிவிடு. அவர் மறப்பார். சின்னவன் ஒரு சனிக்கிழமை யூனிஃபார்மில் போய் நிற்பான், சாயந்திரம் வந்து அப்பாவிடம் சண்டை போடுவான். அடுத்த வாரம் அவர் மறக்க மாட்டார். நீ நடுவில் புகுந்து காப்பாற்றினால் சாவி மறுபடி உன் கைக்கே வந்துவிடும். டிஃபனில் தினமும் பிரெட் ஜாமே போனாலும் பேசாமல் இரு. அவர் விதமாகத்தான் அவர் செய்வார். எது பொறுக்கும், எது பொறுக்காது என்று ஐசியூ சிஸ்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்து விஷயம் மட்டும் வேறு. மாமியாரின் மாத்திரை வேளைகளை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டு. யார் கொடுத்தாலும் கொடுத்தவர் டிக் அடிக்கட்டும்.

ஒப்படைக்க ஆள் இல்லாத சிலதை அப்படியே விட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை வீடு முழுக்கக் கழுவுவது, நைட் முடிந்த கையோடு கிரகப்பிரவேசத்துக்கு ஓடுவது, ஊருக்கு வரும்போதெல்லாம் எல்லார் வீட்டுக்கும் போய்த் தலைகாட்டுவது. யாராவது மனத்தாங்கல் சொன்னால் "அத்தைதான் வேண்டாம்னாங்க" என்று என் பேரைச் சொல். பெரியவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். இந்த வயதில் எனக்கு அந்த உரிமை இருக்கிறது.

ஆஸ்பத்திரி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம் என்று சொன்னால் நான் உன்னை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். வென்டிலேட்டரில் இருக்கும் பேஷண்டுக்கு ஒரு நர்ஸ் என்பது தீவிர சிகிச்சைப் பிரிவின் அடிப்படைக் கணக்கு. நீ மூன்று பேரைப் பார்க்கிறாய். இரண்டு பெட்டில் ஒரே நேரத்தில் அலாரம் அடித்தால் எதற்கு ஓடுவது என்று முடிவெடுத்து எடுத்தே மனசு தேய்கிறது. ஏழாம் பெட் அம்மாவின் மகளோடு ஐந்து நிமிஷம் நிற்க முடியாமல் போனதற்கு உன் மனசு காரணமில்லை, மிச்ச இரண்டு பெட்தான் காரணம். ஆள் குறைவான ஷிஃப்டை ரிப்போர்ட்டில் எழுது: இன்ன தேதி, இன்ன ஷிஃப்ட், இத்தனை வென்டிலேட்டர் பேஷண்ட், இத்தனை சிஸ்டர். புகார் மாதிரி வேண்டாம், நீ சார்ட் எழுதுகிற மாதிரி எழுது. தனியாக எழுதாதே. நாலைந்து பேர் சேர்ந்து நர்சிங் சூப்பரின்டெண்டெண்டிடம் கொடுங்கள். நானும் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறேன். வாயால் சொல்வது காற்றோடு போகும், தேதி போட்ட காகிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

டபுள் டூட்டிக்குக் கேட்டால், நைட்டுக்கு முன்னும் பின்னும் முடியாது என்று சொல்லப் பழகு. காரணம் நீளமாகச் சொல்லாதே. சொல்லச் சொல்ல அதில் ஓட்டை கண்டுபிடிப்பார்கள். "இன்னைக்கு முடியாது சிஸ்டர், தூங்கல, மருந்து தப்பா போயிடும்" என்பது போதும். அது உண்மையும்கூட. அப்புறம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு சட்டத்தில் திருத்தம் வந்ததே, உங்கள் ஆஸ்பத்திரியில் அது இருக்கிறதா என்று ஹெச்.ஆரில் கேள். இல்லை என்றால் அதையும் அந்தக் காகிதத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

இனி அந்த ஏழாம் பெட் அம்மா. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜொனாதன் பார்ட்டல்ஸ் என்ற நர்ஸ் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். எவ்வளவோ போராடியும் ஒரு உயிர் போய்விட்டால், டாக்டர், நர்ஸ் எல்லோரும் கலைந்து ஓடும் முன் அந்தக் கட்டிலைச் சுற்றி ஒரு நிமிஷம் போல நிற்பார்கள். இவர் யாருக்கோ தாயாக, யாருக்கோ மகளாக இருந்தவர், நாம் முடிந்ததைச் செய்தோம் என்று யாராவது ஒருவர் சொல்வார். பிறகு மௌனம். அவ்வளவுதான். அது பல நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் பரவியிருக்கிறது. உங்கள் யூனிட்டில் டாக்டர்கள் நிற்பார்களோ மாட்டார்களோ, நீ நில். ட்யூப்களை எடுத்து, முகம் துடைத்து, தலைமுடியை ஒதுக்கிவிடும்போது அவர் பேரைச் சொல்லி, "போயிட்டு வாங்கம்மா" என்று சொல். அப்புறம் பெட் ரெடி பண்ணு. அழுகை வந்தால் வரட்டும். நீ கேட்டாயே, கல்லாயிட்டேனா என்று, அதற்குப் பதில் உனக்கு அங்கேதான் கிடைக்கும்.

ஒன்று மட்டும் என்னிடம் மறைக்காதே. இரண்டு வாரத்துக்கு மேலும் எதிலும் சந்தோஷம் இல்லாமல், காரணமில்லாமல் அழுகை வந்து, "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரி நினைப்பு தலைகாட்டினால், அது பர்ன் அவுட்டைத் தாண்டிய விஷயம். அதற்கு மனநல மருத்துவரிடம் போக வேண்டும், போனால் குணமாகும். நடு ராத்திரியாக இருந்தாலும் 14416-க்குப் போன் பண்ணலாம். டெலி-மானஸ், அரசாங்கத்துடையது, காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். அடுத்த போன் எனக்கு. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

கடைசியாக, உன் கையில் இருக்கிற சாவியில் ஒன்றை நான் வாங்கிக்கொள்கிறேன். உன் அம்மாவின் சர்க்கரை விஷயத்தைக் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு போனிலேயே நீ ஓட்டிக்கொண்டிருக்கிறாய். இன்சுலின் தீருகிறதா, கண் டெஸ்ட் எப்போது, ஹெச்பிஏ1சி எடுத்தாளா என்று. அண்ணி வீடு எனக்கு நாலு தெரு தள்ளி. இந்த மாதத்திலிருந்து அது என்னுடையது. பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுத் தம்பி வரும்போது கொடுத்தனுப்பு. எந்த டாக்டர், எந்த மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, எந்த மாத்திரையை உனக்குத் தெரியாமல் நிறுத்திவிடுவாள், எல்லாம் ஒரு பக்கத்தில் எழுது. அதற்குக் கீழே நீ கையெழுத்துப் போடு, நானும் போடுகிறேன். அதன் பிறகு உன் அம்மாவோடு பேசும்போது சர்க்கரை எவ்வளவு என்று கேட்கக் கூடாது. என்ன சமைத்தாள், எந்த சீரியல் பார்த்தாள், தெருவில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று கேள்.

சின்னவனுக்கு முத்தங்கள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இந்தக் கடிதத்தை அவரிடம் படிக்கக் கொடுத்தால் எனக்கு வருத்தம் இல்லை.

அன்புடன்,
அத்தை